பதினோராவது அமர்வு

தார்த்து சிறையில் ஹீட்டர் முனகுகிறது.
"ஏன் செய்தாய்?"
பதினோராம் முறை கேட்கிறாள் மாரெத்.

தாவெத் யோசிக்கிறான்,
சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்குகிறவனைப் போல.
போன வாரம் குடிகார அப்பாவைக் கொடுத்தான்.
அதற்கு முந்தைய வாரம்
நாய்க்குட்டியை ஏரிப் பனியில் விட்டுவந்த அம்மாவை.
இன்று எதைக் கொடுக்கலாம்?

"தெரியவில்லை" என்கிறான்.
பேனா நிற்கிறது.
அவள் முன்னால் சாய்கிறாள்.
அவன் கண்ணில் சின்னதாய் ஒரு வெளிச்சம்.
இதற்குத்தான்.
இந்தச் சாய்வுக்கு,
அடக்கிப் பிடித்த இந்த மூச்சுக்கு.

பேருந்தில் அறிக்கை எழுதுகிறாள்.
அவனுடைய ஷூ அளவு தெரியும்.
கறுப்பு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துவிட்டுத்தான் தின்பான்,
சுவர்ப்பக்கம் திரும்பித்தான் தூங்குவான்,
எல்லாம் மனப்பாடம்.

நான்காவது பெண்ணின் பெயர்?

கோப்பைத் திறக்கவேண்டியிருந்தது.
ஹெல்வே. தபால் ஊழியர்.

இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போதோ போய்விட்டது.