காற்புள்ளி

மூன்று வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டைப் பிரித்து
மொழிபெயர்ப்பாளர் சிபெத் வாசிக்கிறாள்:
"நான்காம் பிரிவு. கண்ணிவெடிகளின் வரைபடம்,"
அந்தக் காற்புள்ளியில்தான்
நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள்.

ஜிகின்ஷோரில் அதே அறை.
மின்விசிறி மட்டும் புதிது.
யார் முதலில் பேசுவது என்பதிலேயே
முற்பகல் போயிற்று.
மீனும் சோறும் ஒரே தாம்பாளத்தில் வந்தன.
ஆளுக்கொரு ஓரமாய்த் தின்றார்கள்.

பிறகு தளபதி அன்சுமானா
கை துடைத்த காகிதத்தை நீவி
ஒரு முந்திரித் தோப்பை வரைந்தார்.
கிணறு. பள்ளிக்கூடத்துத் தடம்.
மூன்று பெருக்கல் குறிகள்.
பேனா நின்றது.

"நாலாவதை
எங்கே புதைத்தோமென்று நினைவில்லை."

காலையிலிருந்து பிரெஞ்சைத் தவிர
வேறெதுவும் பேசாத கர்னல் குதியாபி,
சிபெத் வாய் திறக்குமுன்
ஜோலாவில் கேட்டார்:

"கிணற்றுக்கு இந்தப் பக்கமா,
அந்தப் பக்கமா?"