காற்று 4, அபாயமில்லை

மூன்று பத்துக்குப் போன் நடுங்கியது.
கோட்காவில் ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
துறைமுகத்துக் கடல்
தட்டுத்தட்டாய் இறுகிக் கிடந்தது.
திரையில் ஒற்றை வரி:
நினைவகம் போதவில்லை.

போதாதுதான்.
முப்பத்திரண்டு ஜிபியை வாங்கிப் போட்டுவிட்டு
நூற்றுநாற்பது பேரின் வாயையும் வம்பையும்
அதன் தலையில் கட்டினால்
எப்படிப் போதும்?

ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு,
கோட்டுக்கு மேல் சலிப்பு.
இந்த ஊரில் வருடம் முழுக்கக் கோடை இருக்கும்
ஒரே இடம் எங்கள் சர்வர் அறை.

ஆண்ட்வெர்ப் போகவேண்டிய காகிதச் சுருள்களின் பட்டியல்,
சம்பளச் சீட்டுகள்,
பிர்க்கோவின் பிறந்தநாள் கேக்குக்கு
இன்னும் யார் யார் காசு தரவில்லை என்ற கணக்கு,
எல்லாம் வரிசையில் நின்றன,
பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நிற்பதுபோல்
ஒன்றையொன்று பார்க்காமல்,
இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி.

ரீஸ்டார்ட் செய்தேன்.
நாற்பது நிமிடம் நல்ல பிள்ளை.
நாற்பத்தொன்றில் மறுபடி அதே வரி.
கேஷைக் குறைத்தேன்.
வைரஸ் காவலாளியைத் தூங்கவைத்தேன்.
மூன்றாவது ரேம் பட்டையை உருவி,
ஊதி, திரும்பச் செருகினேன்.
ஊதுவதால் ஒன்றும் ஆகாது என்று தெரியும்.
ஆனாலும் ஊதினேன்.
திரை பிழைக்கு எண் காட்டியது.
பிழைக்கும் வழி காட்டவில்லை.

ஐந்தரைக்குத்தான் உறைத்தது,
யார் தின்கிறார்கள் என்று கேட்காமல்
பானையையே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தின்றது தேடல் அட்டவணை போடும் நிரல்.
எல்லோருடைய பெட்டிக்குள்ளும் போய்வருவது,
ஒரு பெட்டிக்குள் போனது வெளியே வரவில்லை.
ரெய்னோ ஹல்கோலா, கிரேன் எண் இரண்டு.
ஓய்வு பெற்று ஐந்து வருடம்.
படிக்காத மெயில்: இருபத்தாறு லட்சத்துச் சொச்சம்.

என்ன மாதிரியான காதல் இது என்று திறந்தேன்.

காற்று 4. அபாயமில்லை.
காற்று 4. அபாயமில்லை.
காற்று 5. அபாயமில்லை.

நிமிடத்துக்கு ஒன்று,
இரவும் பகலும், மிட்சம்மர் விடுமுறையிலும்.

கிரேனை வெட்டிப் பழைய இரும்பாய் விற்றாயிற்று.
காற்றுமானியை மட்டும் யாரோ கழற்றி
மூன்றாம் துறையின் விளக்குக் கம்பத்தில்
மாட்டிவிட்டிருக்கிறார்கள்.
ஒன்பது மணிக்கு, வெளிச்சம் என்று ஒன்று வந்தபோது
போய்ப் பார்த்தேன்.
மூன்று சின்னக் கிண்ணங்கள்.
சுற்றிக்கொண்டிருந்தன.
கீழே பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி.
கையுறையைக் கழற்றி ஒயரைப் பிடுங்கினேன்.
விரல் நுனி ஒட்டிக்கொண்டு வந்தது.

திரும்பிவந்து ரெய்னோவின் பெட்டியைக் காலி செய்தேன்.
நினைவகக் கோடு
இறக்கிவைத்த மூட்டைபோல் தரையில் அமர்ந்தது.
வரிசை நகர்ந்தது.
வெள்ளிக்கிழமையே மூச்சுத் திணறியிருக்கிறது போல.
அன்று மாட்டிக்கொண்ட கடிதங்களில்
மேலாளர் லிண்ட்ரூஸ் எனக்கு எழுதியதும் இருந்தது:
"வூக்கோ, கூடுதல் ரேமுக்கு அனுமதி.
இன்று மாலைக்குள் ஆர்டர் செய்தால் பாதி விலை."

சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
வாசல் காவல் அறையிலிருந்து டைஸ்டோ.
ஐந்து வருடத்தில் என்னோடு
ஐந்து வார்த்தை பேசாத மனிதர்.
"காற்று வரலியே" என்றார்.

ரெய்னோ போகும்போது
காவல் அறைக்கும் ஒரு நகல் திருப்பிவிட்டிருக்கிறார்.
டைஸ்டோ தினமும் விடியுமுன் அதைப் பார்த்துத்தான்
உறைந்த கடலில் துளை போட்டு
மீன்பிடிக்க உட்காருவாராம்.
பத்துக்கு மேல் போனால் உட்காரமாட்டாராம்.
"இன்னிக்கு உட்காரல. எத்தனைன்னு தெரியல."

மறுபடி கோட்டு.
மறுபடி கம்பம்.
ஒயர், பச்சைப் புள்ளி.

நிமிடத்துக்கு ஒன்று இல்லை இப்போது,
காலை ஐந்துக்கு ஒன்று.
ரெய்னோவின் பெட்டியை மூடியாயிற்று.
பெறுநர்கள் இருவர்.
இரண்டாவது யார் என்று
லாகில் பார்த்துக்கொள்ளுங்கள்.
எனக்கு மீன்பிடிக்கத் தெரியாது.