காலை ஆட்டு

போஸ்டரில் நான் கிடையாது.
புரொபசர் ஜி. டி. ராயல், கல்கத்தா புகழ்
(மதுரையைத் தாண்டினதில்லை),
பக்கத்தில் மெர்சி புஷ்பம், தலையில் இறகு.
பெட்டிக்கு வெளியே தெரிகிற
கழுத்துக்கு மேலே அவள்.
கணுக்காலுக்குக் கீழே நான்.
நடுவில் ரம்பம்.

இப்போது சொல்லலாம்.
பெட்டியை வண்ணார்பேட்டை விறகுக் கடையில்
எடைக்குப் போட்டாயிற்று.

ஞானதிரவியம் என்பதுதான் பேர்.
விக்கிரமசிங்கபுரம் மில்லில் நூல் கணக்கு.
ஒரு மத்தியானம் நாலணாவை முழுங்கி
மேஸ்திரியின் தூக்குச்சட்டியிலிருந்து எடுத்தார்,
மோர் சொட்டச் சொட்ட.
அன்றைக்கே வேலையை விட்டதாக அவர் சொல்வார்.
அனுப்பிவிட்டார்கள் என்பாள் மெர்சி.

என்னை எடுத்தது முகம் பார்த்து இல்லை.
குறுக்குத்துறையில் துவைத்துக்கொண்டிருந்தேன்,
முழங்கால் வரைக்கும் ஆறு.
கரையேறினபோது மேல்படியில் நின்றவர்
பொண்டாட்டியிடம் காட்டினார்:
"ஏளா, ஒன் காலை உரிச்சு வச்சிருக்கு பாரு."

மெட்டி கூடாது என்றார்.
கழற்றி நாலு வருசம் ஆகியிருந்தது.
கூட்டத்தோடு ஊருக்குள் வரக் கூடாது.
அவர்கள் வேனில்; நான் அடுத்த பஸ்ஸில்,
சீட்டு எடுத்து, யாரோ மாதிரி.
கணக்கு நோட்டில் வாரா வாரம் எழுதுவார்:
ரம்பத்துக்கு எண்ணெய், புறாவுக்குக் கம்பு,
கால் – நாற்பது ரூபாய்.
வரிக்காரர் கேட்டிருக்கிறார்,
"கால்னா என்னவே, கால் பங்கா?"

மெர்சிக்கு இடது பெருவிரலில்
கொதிகஞ்சி சிந்தின தழும்பு.
ஆட்டத்துக்கு ஆட்டம் அதை எனக்கு
சாந்தில் வரைவாள், குனிந்து, அவளே.
அந்தக் கால் மணி நேரம்தான்
நாங்கள் பேசிக்கொண்டது.
அவருக்குத் தெரியாமல் சீட்டுப் போட்டிருந்தாள்.
பாதி எனக்கு என்பாள்.
எந்தப் பாதி என்று கேட்டுச் சிரிப்பேன்.

பெட்டிக்குள் தாடையில் முழங்கால்.
உவரியில் மணல், வள்ளியூரில் காற்று,
சங்கரன்கோவில் தபசுக்கு மூன்று ஆட்டம்.
பொருட்காட்சித் திடலில் ஒரு கொசு
உள்ளங்காலில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது.
அசையவில்லை.
வெட்டுப்பட்ட கால் அல்லவா.
பிறகு அவர் குரல் மட்டும் வரும்,
பலகையைத் துளைத்துக்கொண்டு:
காலை ஆட்டு!
ஆட்டுவேன்.
கைதட்டு எனக்குக் காதில் கேட்டதில்லை,
வயிற்றில்தான் கேட்டது.

ஒரே ஒருத்தன் கண்டுபிடித்தான்.
திசையன்விளை பஸ் ஸ்டாண்டு,
ஆறு வயசு இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு.
என் செருப்பையே பார்த்தான்.
சாந்து சரியாக அழியவில்லை.
"யம்மா, பொட்டிக்குள்ள ஆடிச்சுல்லா,
அந்தக் காலு நிக்கி!"
அவன் அம்மை முதுகில் ஒன்று போட்டாள்.
தொழில் ரகசியம்; திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.
பெருவிரலை லேசாக ஒரு ஆட்டு ஆட்டினேன்.
அவன் அழுகையை நிறுத்திய வேகத்தை
எந்தப் புரொபசரும் செய்து காட்டியதில்லை.

போன மாசி.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
வலப்பக்கம் விழுந்துவிட்டது அவருக்கு.
தலைமாட்டில் மெர்சி, ஃபிளாஸ்க்கோடு.
நான் பழக்கத்தில் கால்மாட்டில் நின்றிருக்கிறேன்.
பச்சைப் போர்வை கழுத்துவரை.
சின்ன டாக்டர், பேனாவைத் தட்டிக்கொண்டு:
"ஐயா, காலை ஆட்டுங்க."
போர்வை அப்படியே கிடந்தது.
"ஆட்டுங்கய்யா. வலது கால்."
வார்டே பார்த்தது.
மெர்சி என்னைப் பார்த்தாள்.

நானாகச் செய்யவில்லை.
சிமெண்டுத் தரையில், ரப்பர் செருப்புக்குள்
என் விரல் பத்தும்
ஒவ்வொன்றாக எழுந்து ஆடின.

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார்.
அவர் கண் மட்டும் கீழே இறங்கி வந்து
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு கோணின வாய்
இன்னும் கொஞ்சம் கோணி,
நன்றாக இருக்கிற இடது கை
படுக்கை விளிம்பில்
ரெண்டு தட்டுத் தட்டியது.