நூற்றுக்கு ஆறரை

இருபத்தொன்பது அங்குலம் போதாதென்று
முப்பத்தொன்று வாங்கினேன்.
நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி,
ஐந்து ரோட்டுப் பாலத்தின் நிழலில் ஜமீல் கடை.
பில்லை மடித்து
ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தேன்.
குமுதவல்லி அதைத் திறப்பதில்லை.

ஜீப் உயர்ந்தது ஓர் அங்குலம்தான்.
ஆனாலும் அடுக்ககத்துக் கார்களெல்லாம்
அன்று இரவே குட்டையாகிவிட்டன.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால்
உள்ளே ஓர் உரசல்,
சோற்றில் மணல் கடிபட்டதுபோல.
"பிளாஸ்டிக்குதாங்க சார்,
சூடு காட்டித் தள்ளிட்டாப் போயிரும்."
போனது.
மூன்று பேரும், தண்ணீர்க் கேனும், சாப்பாட்டுக் கூடையும்
ஏற்காடு ஏறும் ஞாயிறுகளில் மட்டும்
பதினோராவது வளைவில்
திரும்பி வந்தது.

மற்ற ஆறு நாளும்
கன்னங்குறிச்சியிலிருந்து அஸ்தம்பட்டி ரவுண்டானா,
வழியில் இதழினியின் பள்ளி.
பாறை ஏறச் செய்த டயர்
வேகத்தடை ஏறுகிறது.
பிரேக்கை அரை நொடி முன்பே
நினைத்துக்கொள்ள வேண்டும்.
தார்ச்சாலையில் அது போடும் ஊம் சத்தத்துக்கு
வாயை மூடிச் சுருதி சேர்ப்பாள் மகள்.

"பதினொண்ணு குடுத்த வண்டி
ஒன்பதரைதான் குடுக்குது" என்றாள் குமுதவல்லி.
மீட்டர் குறைத்துக் காட்டுகிறது,
நிஜத்தில் பத்துக்கு மேல் என்று விளக்கினேன்.
"அத டீசல் போடறவன்கிட்டச் சொல்லுங்க."

ஆனால் உண்மை அதுதான்.
சக்கரம் இப்போது
சுற்றுக்கு முக்கால் சாண் கூடுதலாய் நடக்கிறது.
மீட்டரோ பழைய டயரையே நம்பிக்கொண்டிருக்கிறது.
நூறு கிலோமீட்டர் போனால்
தொண்ணூற்று மூன்றரை என்று எழுதுகிறது.
மீதி ஆறரை
எந்தப் பேரேட்டிலும் இல்லை.
கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்து
சம்பளம் வாங்குகிறவனுக்கு
இது தூக்கத்தில் வந்து நிற்கும்.
"லேப்டாப்ப மாட்டிச் சரி பண்ணிரலாங்க,
எண்ணூறு ரூபா" என்றார் ஜமீல்.
அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

டிசம்பரில் ஆத்தூரில் நான்கு நாள் தணிக்கை.
பஸ்ஸில் போனேன். ஜீப் அவளிடம்.
திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்
டயரைப் பார்த்தேன்.
பட்டன்களுக்கு நடுவே
அஸ்தம்பட்டியில் இல்லாத செம்மண்.
ஒரு காப்பிப் பழத்தின் தோல்.
அப்பளமாய் நசுங்கிய சில்வர் ஓக் இலை.

மீட்டரில் நூற்று நாற்பத்தொன்று கூடியிருந்தது.
ரத்த வங்கி வேலைக்குப் போய்வர ஐம்பத்திரண்டு கழித்தேன்.
எண்பத்தொன்பது.
விட்டுப்போனதைச் சேர்த்தால் தொண்ணூற்றைந்து.
ஏரியைத் தாண்டி, நாகலூரைத் தாண்டி,
தார் முடிந்த பிறகும் போயிருக்கிறாள்.

தணிக்கைக்காரன் மனசு முதலில் கேட்டதை
இங்கே எழுதப்போவதில்லை.
பக்கத்து சீட்டில் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று,
பாதி தின்று, முறுக்கி மூடியது.
ஒரே ஆள் பசி.

ராத்திரி தோசையைத் திருப்பிப் போட்டபடி
அவளே சொன்னாள்:
"ஸ்டீயரிங் கொஞ்சம் கனம்.
ஆனா, பதினோராவது வளைவுல
தனியாப் போனா உரசறதில்ல."
சட்னியை என் பக்கம் தள்ளினாள்.
நான் எதையும் கேட்கவில்லை,
இன்னொரு தோசையைத் தவிர.

ஜமீல் நேற்று அழைத்தார்,
"மீட்டர் வேலை என்னாச்சுங்க சார்?"
அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இன்று வண்டியைக் கழுவினேன்.
முன்பக்க இடது டயரை மட்டும் விட்டுவிட்டேன்.