முதல் ஓட்டை

தண்ணீர் புகக்கூடாது என்பதற்காகவே
செய்த பொருளில்
ஓட்டை போடச் சொல்கிறார் மஸாஹிர்.
ட்ரில்லை என் கையில் தந்துவிட்டு
லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி நடைபாதை.
சுவரோடு சாய்ந்த மஞ்சள் கயாக்
வருவோர் போவோரை ஒருக்களிக்க வைக்கிறது.

தூண்டில் நிற்க இரண்டு பிவிசி குழாய்,
பஞ்சிகாவத்தையில் பேரம் பேசிய
லொறிக் கொளுக்கி,
நங்கூரத்துக்கு
நான் ஒருநாளும் தூக்காத டம்பெல்.
சிலிக்கன் காய இரண்டு இரவு.

முகத்துவாரத்தில்,
களனி கடலோடு மல்லுக்கட்டும் இடத்துக்குச்
சற்று உள்ளே,
எல்லாம் கைக்கெட்டும் தூரம்.
கொடுவா ஒன்று ஏறியது.

அப்போதுதான் பார்த்தேன்,
மீனுக்கு இடம் வைக்கவில்லை.

கரை வரை
தொடைகளுக்கு நடுவே துடித்துக்கொண்டே வந்தது.
துடுப்பு தாளம் தப்பிற்று.
அந்த ஓட்டையால்
ஒரு சொட்டும் வரவில்லை.