முப்பத்துநான்கு டிகிரி

துர்க்கு நகரில் ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
பெட்டிக்குள் முப்பத்துநான்கு.
உடம்புச் சூடு இவற்றுக்கு ஆகாது.
அதனால்தானே உடம்பே இவற்றை
வெளியே ஒரு பையில் தொங்கவிட்டிருக்கிறது.
இதைச் சொன்னால் ஐரா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்,
புதிதாகக் கேட்பவள் போல.

இந்த ஞாயிறு என் முறை.
ஆளில்லாத நடைபாதை, காபி இயந்திரத்தின் முனகல்.
அகர் கட்டிகள் பாதி மூழ்கி நிற்கின்றன;
ஒவ்வொன்றின் தலையிலும் குறுணையளவு திசு.
அடியில் சாப்பாடு, மேலே காற்று.
இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளுக்குத் திரும்பினால்
நான் தாமதித்துவிட்டேன் என்று பொருள்.
பாதியை உறிஞ்சி, புதிதில் பாதி ஊற்றுகிறேன்.
முழுதும் மாற்றக் கூடாது:
அவை தங்களுக்குள் சொல்லிக்கொண்டது ஏதோ
பழைய நீரில் மிச்சம் இருக்கிறது.

இடது தட்டு எலியுடையது.
முப்பத்தெட்டாம் நாளே வால் முளைத்துவிட்டது.
நுண்ணோக்கியில் ஒன்று துடித்தபோது
ஐரா கையுறையோடு கைதட்டினாள். சத்தமே வரவில்லை.

வலது தட்டு, எண் பதினேழு.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.
ஓலந்துத் தீவுகளுக்குப் போகும் கப்பலின் வயிற்றில்
கார்களை வரிசையாக நிறுத்துகிறவர் ஒஸ்மோ.
ஊசி குத்திய மறுவாரம், ஒளிரும் மஞ்சள் சட்டையோடு,
நேராக வேலையிலிருந்து வந்துவிட்டார்.
மருத்துவ அறிக்கையில் ஒரே எண்: பூஜ்யம்.
அதை நான்காக மடித்து
படகுச் சீட்டு வைக்கும் பையில் வைத்திருந்தார்.

குழந்தை கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை.
இது மருத்துவம் அல்ல, ஆராய்ச்சி என்று
மூன்று பக்கம் படித்துக் கையெழுத்திட்டவர்.
ஆறு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்:
"எதுவரைக்கும் வந்தன?"

நாங்கள் ஆய்வேட்டில் எழுதுவதும்
அந்தக் கேள்வியைத்தான், நீளமான சொற்களில்.
இரட்டிக்கின்றன. ஜோடி சேர்கின்றன.
ஜோடி பிரிய வேண்டிய இடத்தில்
எல்லாமே நின்றுவிடுகின்றன,
ஒரே படியில், ஒரே நாளில்.
என்னமோ ஒன்று அங்கே இல்லை.
சாவியா, கதவேயா, இன்னும் தெரியாது.

சொன்னேன், அதிகம் தெரியாதவள் குரலில்.
மறுமுனையில் கப்பலின் இரைச்சல்.
"அப்படியானால் பாதி வழி வந்திருக்கின்றன," என்றார்.
பாதிக்கும் குறைவு. அதை நான் சொல்லவில்லை.
"எனக்குள் ஒன்றுமே கிளம்பவில்லை
என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்."
பிறகு யாரையோ பார்த்துக் கத்தினார்,
இடது, இடது, இன்னும் கொஞ்சம், நில்.

அறுபதாம் நாளோடு தட்டை முடித்துவிடுவது விதி.
இன்று அறுபத்திரண்டு.
ஐரா பதிவேட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
வலது தட்டுக்கும் பாதி ஊற்றினேன்.
கதவைச் சாத்தி,
முப்பத்துநான்கு என்று சிவப்பில் எரிவதை
ஒருமுறை சரிபார்த்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டேன்.