பதினொரு நிமிடம்

காலாண்டு அறிக்கைக்கு
என்னிடம் கேட்பது ஓர் இலக்கம்தான்.
இரத்த வங்கியிலிருந்து தியேட்டர் வாசல்வரை
சித்திரையில் நாற்பத்தொரு நிமிடம்,
ஆவணியில் பதினொன்று.
பக்கத்தில் 'காரணம்' என்றொரு பெட்டி,
என் சுண்டுவிரல் அகலம்.

அதற்குள் எப்படி அடக்க
வத்தளையிலிருந்து வந்த ரொமிலாவை?
பிள்ளை பிழைத்தது.
இரத்தம் இருந்தது, டொக்டர் இருந்தார்,
துண்டில் கையெழுத்து இருந்தது.
லிஃப்ட் மட்டும் மூன்றாம் மாடியில்
மதியச் சோற்று வண்டியை
வாயில் கவ்வியபடி நின்றது.

விசாரணைக்கு எல்லோரும் கோப்போடு வந்தார்கள்.
ஆய்வுகூடம் நேரம் எழுதியிருந்தது.
வாட்டு நேரம் எழுதியிருந்தது.
ஒரு கோப்பிலும் பிழையில்லை.
பிழையில்லாத கோப்புகளுக்கு நடுவே
ஒரு பெண் செத்துப்போயிருந்தாள்.

அவள் புருஷன், ஓட்டோ ஓட்டுகிற டெரன்ஸ்,
கடைசிக் கதிரையிலிருந்து எழும்பிச்
சிங்களத்தில் ஒன்று கேட்டான்:
"லிஃப்ட்காரர் எங்கே?"
பணிப்பாளர் என்னைப் பார்த்தார்.
நான் பட்டியலைப் பார்த்தேன்.

துவான் சப்ரின் வந்தார்.
பத்தொன்பது வருடம் எங்களை ஏற்றி இறக்கியவர்,
அந்த மண்டபத்துக் கதிரையில்
பாதி மட்டும் உட்கார்ந்தார்.
"சோறு பன்னிரெண்டுக்குப் போகும், எனக்குத் தெரியும்.
ரெத்தம் எப்ப போகும்னு
எனக்கு யாரு சொன்ன?"

பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.
ஒரு மணி. அவ்வளவுதான்.
மணிக்குக் காசு எந்தப் பிரிவு தருவது என்று
இரண்டு கிழமை இழுபட்டது.
சந்திராணி மிஸ்ஸி கெய்சர் வீதியில் வாங்கிவந்து
ரசீதைத் தொலைத்துவிட்டேன் என்றாள்.

இப்போது புதன்தோறும் கூடுகிறோம்,
சமையற்கட்டு, இரத்த வங்கி, லிஃப்ட்.
சத்திரசிகிச்சை நிபுணர்
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்பார்.
ஆனால் வருகிறார்.
டெரன்ஸுக்கும் சொல்லி அனுப்பினோம்.
ஒருமுறை வந்தான், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.
பிறகு வரவில்லை.
மருந்துக் களஞ்சியம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை;
கடிதம் போட்டால்
கடிதம் வருகிறது.

பெட்டியில் எழுதினேன்: 'பேசினோம்.'
அமைச்சிலிருந்து திரும்பி வந்தது,
'தெளிவில்லை. திருத்தி அனுப்பவும்.'

திருத்த உட்கார்ந்தபோது கீழே மணி அடித்தது.
எட்டிப் பார்த்தேன்.
லிஃப்ட் வாசலில்
சோற்று வண்டி சுவரோடு ஒதுங்கி நின்றது,
மூடி இடுக்கில் ஆவி விட்டபடி.